முகம் வேண்டாம் என்றவர்

படிப்பகத்தாருக்கு முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து நேராகப் போகாது, பாதி வரிக்கு மேல் கீழே இறங்கிவிடும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் துணிக்கட்டின் மேல் சாக்பீஸால் போடுகிற எண்கள்தான். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நான் எழுதியிருப்பதை மட்டும் நல்ல மாதிரியாக மாற்றிவிட வேண்டாம்.

தெரிந்த மனிதர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும், பெயர் போடக் கூடாது என்று உங்கள் இதழில் இருந்தது. பெயர் போடாதது எனக்கு வசதி. படிக்கிறபோது அவருக்குத் தான்தான் என்று தெரிந்துவிடும்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் அவரும் நானும் வேலை செய்தோம். நான் துணி வெட்டுகிற மேசை. அவர் தையலில், தப்பாகத் தைத்தவை திரும்பி வருகிற மேசையில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். கழுத்தில் ஒரு கயிற்றில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி எப்போதும் தொங்கும். உறையை மடியில் போட்டு, கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலைத் தையல் மேல் ஓட்டுவார். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே பிரிப்பார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல தையலாகத்தான் இருக்கும்.

"அக்கா கையில குடுத்தா சோத்தைக் கூடப் பருக்கை பருக்கையாப் பிரிச்சு வெச்சிடும்" என்று லைனில் சொல்வார்கள். அவரும் சிரிப்பார். பிரிப்பதை நிறுத்த மாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம். தப்பைப் பார்த்தால் யார் செய்தது என்று கேட்கவே மாட்டார்.

ஒரு தடவை ஒரு பெரிய கட்டு முழுவதும் திரும்பி வந்தது. சீட்டின் பக்கவாட்டில் ஒரு தையல் உண்டு, அது மட்டும் மற்றவை போலக் கெட்டியாக இருக்கக் கூடாது. வண்டி மோதினால் உள்ளே இருக்கிற காற்றுப்பை அந்தத் தையலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்கென்று தனி நூல். யாரோ அதில் கெட்டி நூலைப் போட்டுத் தைத்துவிட்டார்கள். உயிர் போகிற விஷயம். சூபர்வைசர் கட்டைத் தூக்கி வந்து மேசையில் போட்டார்.

"யார் தச்சது இது? பேர் சொல்லுங்க, மெமோ குடுக்கணும்."

எல்லோரும் கையிலிருந்த துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண் அழுகிற மாதிரி நின்றது.

இவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "யாருன்னு கேட்டா எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க சார். எங்க தப்புன்னு கேளுங்க."

"சரி, எங்கம்மா தப்பு? நீயே சொல்லு."

"ரெண்டு நூலும் கறுப்பு. ரெண்டு பொட்டியும் பக்கத்துல பக்கத்துல கீது. நானா இருந்தாலும் மாத்தித்தான் எடுத்திருப்பேன்."

அன்று சாயந்திரமே ஒரு பெட்டி லைனின் மறுகோடிக்குப் போனது. மெமோ யாருக்கும் வரவில்லை. கட்டு முழுவதையும் இவரே உட்கார்ந்து பிரித்தார். அந்தத் தென்காசிப் பெண் பக்கத்தில் வந்து, "யக்கா, நாந்தாங்க்கா" என்று முணுமுணுத்தது. "நான் கேக்கலியே" என்றார். அவ்வளவுதான்.

என்னிடமும் ஒரு தடவை அப்படித்தான். ஷேர் ஆட்டோவில் இறங்கும்போது அவருடைய சாப்பாட்டுப் பையின் வாரை மிதித்துவிட்டேன். வார் அறுந்து டப்பா ரோட்டில் உருண்டு, குழம்பெல்லாம் கொட்டிப் போனது. எனக்கு வார்த்தை வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. அவர் டப்பாவை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "வாரை நான்தாண்ணா நீளமா வெச்சிட்டேன்" என்றார். மறுநாள் பார்த்தேன், வார் நான்கு விரல் குட்டையாகியிருந்தது.

இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், தப்பு செய்கிறவன் சுலபமாகத் தப்பித்துக்கொள்ளலாம். நான் தப்பித்துக்கொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் குடும்ப தினம் வைத்தார்கள். ஒவ்வொரு செக்ஷனும் ஒரு கேரக்டர் உடை செய்ய வேண்டும் என்று எச்ஆர் மேடம் வந்து சொன்னார். நாட்டில் பெருமையான இடம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த இடமே ஒரு ஆளாக நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துத் தைக்க வேண்டும். கழிவுத் துணி, கழிவு ஃபோம் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தையல் செக்ஷனுக்கு இவரைப் போட்டார்கள். ஃபோம் வெட்டித் தர என்னைக் கூப்பிட்டார்.

"சாஞ்சி பண்ணலாம்ண்ணா" என்றார்.

அதுவரை அந்தப் பேரை நான் கேட்டதில்லை. அவர் பென்னலூர் காலனி, புத்தம் ஏற்ற குடும்பம். அந்த வருஷம்தான் அவரும் வீட்டுக்காரரும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். போனில் படம் காட்டினார். ஒரு குன்று. அதன் மேல் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி பெரிய கல் தூபி. சுற்றிலும் கல்லிலேயே வேலி. நாலு பக்கம் நாலு வாசல். உச்சியில் சின்னதாக ஒரு சதுர வேலி, அதன் நடுவிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை.

"சாமி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"பழைய செதுக்கல்ல அவர் உருவமே கெடையாதுண்ணா. வாசல் தூண்ல பாருங்க, ஒரு காலி சீட்டு. மரத்தடியில காலி சீட்டு. அதைச் சுத்தி அத்தினி பேரு கும்புட்டுகினு நிக்கறாங்க. எனக்கு அங்கயே நம்ம லைன் ஞாபகம் வந்துடுச்சு. நாமளும் காலி சீட்டு தான தைக்கிறோம்."

இன்னொன்றும் சொன்னார். அது இந்தக் கதைக்கு முக்கியம். அவருடைய மாமனார் ரொம்ப வருஷமாக சாஞ்சி போக வேண்டும் என்று இருந்தவர். அந்தப் பயணத்துக்கு அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்தார்கள். புறப்படுகிற வாரத்தில் முட்டி வீங்கி, நடக்க முடியாமல் அவர் மட்டும் நின்றுவிட்டார். திரும்பி வந்து படத்தைக் காட்டியபோது பார்த்துவிட்டு, "படத்தைச் சுத்தி வர முடியாதேம்மா" என்றாராம். அந்தத் தூபியை வலப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடக்க வேண்டும், அதுதான் அங்கே செய்ய வேண்டியது.

"அவரால போக முடியாது. இதுன்னா நடந்து வரும் இல்ல?" என்றார். "ஸ்டேஜ்ல வந்து நடுவுல நிக்கும். அவரும் ஸ்டேஜ் ஏறி ஒரு சுத்து சுத்திட்டு எறங்கிடுவாரு. ரெண்டு நிமிசம். மேடம்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க."

வடிவத்தை அவர் யோசித்த விதம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. கழித்துப்போட்ட கிரீம் நிற ரெக்சின்தான் உடம்பு. ஆரஞ்சுப் பழச் சுளை மாதிரி பன்னிரண்டு துண்டு வெட்டச் சொன்னார். சேர்த்துத் தைத்தால் குவிந்து வரும். தோளிலிருந்து முட்டி வரைக்கும் அது. பாரம் தெரியாமல் இருக்க உள்ளே சீட் பெல்ட் பட்டையால் தோள்வார். இடுப்பைச் சுற்றி ஃபோம் வேலி. அந்த வேலியில் ஒரு தையல்கூடக் கூடாது என்றார். அங்கே கல்லைக் கல்லில் செருகித்தான் கட்டியிருக்கிறதாம், மரவேலை மாதிரி. அதனால் ஒவ்வொரு குச்சிக்கும் நான் துளை போட்டு, செருகிப் பார்த்துக் கொடுத்தேன். உச்சியில் இருக்கிற சதுர வேலிக்குள் ஆளின் தலை வரும். கம்பிகளின் இடுக்கில் கறுப்பு வலை. சீட்டுக்குப் பின்னால் பேப்பர் செருக ஒரு வலைப்பை இருக்கும் அல்லவா, அந்த வலை. தலைக்கு மேலே மூன்று குடை.

மேடம் வந்து பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா ஃபேஸ் எங்க? கேரக்டர்னா கண்ணு, ஒரு ஸ்மைல் வேணும்ல. கிட்ஸ் பயந்துடுவாங்க."

"முகம் வேணாம் மேடம்."

"சும்மா ரெண்டு கண்ணு மட்டும்."

"வேணாம் மேடம். அங்க முகம் இல்ல. அதான் அந்த எடம்."

சூபர்வைசர்கூட அவரிடம் சைகை காட்டினார், ஒத்துக்கொள் என்று. மாட்டேன் என்றுவிட்டார். தன் தையலில் தப்பு என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் பிரிக்கிறவர், இதில் இம்மிகூட நகரவில்லை. கடைசியில் மேடம்தான் விட்டுக்கொடுத்தார். கையும் வேண்டாம் என்று இவர் சொன்னபோது மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு போனார்.

உள்ளே யார் நிற்பது என்று பேச்சு வந்தது. அவர் என்னைக் காட்டினார்.

"நீங்கதாண்ணா சரி. உள்ள இருக்கறவரு தெரியவே கூடாது. நீங்க தெரியணும்னு ஆசைப்படாத ஆளு."

அது அன்றைக்கு வரை உண்மை. நான் கேன்டீனில் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன். பதினோரு வருஷம் வேலை செய்தும் பாதிப் பேருக்கு என் பேர் தெரியாது. மண்ணூர் அண்ணா என்பார்கள்.

உடம்புப் பகுதி தைத்து முடித்த அன்று, மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தோம். வேலியும் குடையும் இன்னும் மாட்டவில்லை. சாப்பாட்டு நேரம், லைன் முழுவதும் சுற்றி நின்று பார்த்தது. "இன்னாது இது?" என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கை கழுவப் போயிருந்த இவர் அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றது நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தால் எனக்குக் காது அடைத்துவிடும். எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று, "இட்லி மாதிரி கீது" என்றேன்.

லைனே சிரித்தது. சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற வெல்டிங் செக்ஷனிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள்கூடச் சிரித்தார்கள். "மண்ணூர் அண்ணா பேசிடுச்சுடா" என்று ஒருத்தன் என் முதுகில் தட்டினான். வந்துகொண்டிருந்த அவரும் சிரித்தார், அதை நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் சொல்லி நாலு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அது வாய் தவறி வந்தது. அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. அன்று வீட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அடுத்ததை யோசித்தேன். நான் ஒருநாளும் அப்படி யோசித்தவன் இல்லை. மறுநாள் வேலியையும் குடையையும் மாட்டினோம். கூட்டம் கூடும்வரை காத்திருந்து, "குண்டானுக்கு மூடி போட்டாச்சு. இனிமே ஆவி வர வேண்டியதுதான்" என்றேன்.

முந்தின நாளைவிடப் பெரிய சிரிப்பு. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. குடையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அது இட்லிதான். ஸ்டோர்ஸில் இட்லி, கேன்டீனில் இட்லி. அவருக்கு இட்லிக்கா என்று பேர் வந்தது. "இட்லிக்கா, வெந்துடுச்சா?" என்று லைனில் போகிறவன் வருகிறவன் கேட்டான்.

அவர் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. யார் ஆரம்பித்தது என்றும் கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தார்.

"உருண்டை அதிகமாப் போச்சு போலண்ணா. அதான் அப்டித் தெரியுது. நெஜத்துல உச்சி கொஞ்சம் தட்டையா இருக்கும். பன்னெண்டு துண்டும் மாத்தி வெட்டித் தரீங்களா?"

வெட்டிக் கொடுத்தேன். நான் சொன்ன ஒரு கேலிக்கு, தன் அளவு தப்பு என்று நினைத்து, ரெண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் மொத்தத்தையும் பிரித்துத் திரும்பத் தைத்தார். நான் எதிரில் நின்று துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உச்சி தட்டையானதும் முன்னைவிட இட்லி மாதிரி ஆகிவிட்டது என்று ஒருத்தன் சொன்னான். நான் அதற்கும் சிரித்தேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெல்டிங் செக்ஷன் ஒரு கோயில் கோபுரம் செய்திருந்தார்கள். அட்டையில் செய்து தங்க பெயின்ட் அடித்தது. அது ஒரு பக்கம் சாய்ந்து, பழைய ரேஷன் கடை மாதிரித்தான் இருந்தது. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. அதைத் தூக்கி வைக்க ஆள் கூப்பிட்டபோது நானும் போனேன். தொடுவதற்கு முன்னால் எல்லோரும் சேஃப்டி ஷூவைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். வெறும் அட்டை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கழற்றினேன். ரெண்டு மேசை தள்ளி இவர் தூபிக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தார். அதன் எதிரில் நான் ஒருநாளும் ஷூ கழற்றியதில்லை. மண்ணூரில் ஊருக்குள் பிறந்தவன் நான். இதற்கு மேல் அதை விளக்கி எழுத எனக்குக் கை வரவில்லை.

குடும்ப தினம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி மைதானத்தில். ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். என் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். அவருடைய மாமனாரையும் முன்பே பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒரு தடி. பென்னலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, கேட்டிலிருந்து அந்த வெயிலில் நடந்து வந்திருந்தார். அவரை முன்வரிசையில் ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் எனக்குத் தோள்வாரை இறுக்கிக்கொண்டே அவர் சொன்னார். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்ண்ணா. மெதுவாப் போய் நடுவுல நின்னா போதும். மாமா மேல வருவாரு. சுத்தி முடிக்கிற வரைக்கும் அசையாம இருங்க."

சரி என்றேன்.

மைக்கில் பேசியது ஸ்டோர்ஸ் ஆள், மிமிக்ரி எல்லாம் செய்வான். "அடுத்து நம்ம தையல் செக்ஷன். சுடச்சுட வருது இட்லி" என்றான். மைதானம் முழுவதும் சிரிப்பு. நான் போய் நடுவில் நின்றேன். அவர் சொன்னபடி கொஞ்ச நேரம் அசையாமல்தான் நின்றேன். அப்போது ஸ்டோர்ஸ் ஆட்கள் ரெண்டு பேர் கேன்டீன் சாம்பார் வாளியும் கரண்டியுமாக மேடை ஏறினார்கள். ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு ஆரம்பித்தது. ஒருத்தன் என் மேல் சாம்பார் ஊற்றுகிற மாதிரி கரண்டியை ஆட்டினான். குழந்தைகள் கீச்சிட்டன.

கால் தானாக ஆடியது என்று எழுதினால் அது பொய். நான் ஆட்டினேன். இடுப்பை ஒரு தடவை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தேன். கூட்டம் கத்தியது. என் மகளின் குரல் அதில் தனியாகக் கேட்டது. உள்ளே இருப்பது அவள் அப்பா என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தடவை ஆட்டினேன்.

அப்போது மேடைப் படிக்குக் கீழே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முறை வந்துவிட்டது என்று எழுந்து வந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரெண்டு கையையும் கூப்பியிருந்தார். தடியில்லாமல் நிற்பதால் முட்டி நடுங்கியது. சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அந்தத் தூபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றால் அவர் ஏறுவார். நான் நிற்பதற்காகத்தான் அவர் காத்திருந்தார்.

நான் பாட்டு முடியும் வரைக்கும் ஆடினேன்.

முடிந்து நின்றபோது படிக்குக் கீழே அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். குனிய முடியாமல், தடியால் செருப்பை இழுத்து இழுத்து மாட்டினார். ரொம்ப நேரம் ஆனது. நான் அசையாமல் நின்றேன். இனி வந்து சுற்றட்டும் என்று நின்றேன். ஸ்டோர்ஸ் ஆள் வந்து, "அண்ணே, எறங்குங்க, அடுத்தது வரணும்" என்று தள்ளுகிற வரைக்கும் நின்றேன். பெரியவர் திரும்பிப் பார்க்காமல் கேட் பக்கம் போய்விட்டார்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். மேடையில் அவரை இட்லிக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

மேடைக்குப் பின்னால் வந்து எனக்கு வாரை அவிழ்த்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். குடிக்கும் வரை காத்திருந்து கேட்டார்.

"உள்ளேர்ந்து எதுனா தெரிஞ்சுதாண்ணா?"

"ஒண்ணும் தெரியலம்மா" என்றேன். "ஒரே இருட்டு."

அவர் அந்தச் சதுர வேலியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வலைக்குப் பின்னால் தன் கையை வைத்து, இந்தப் பக்கமிருந்து பார்த்தார்.

"நெனச்சேன். வலை நெருக்கமாப் போச்சு. என் தப்பு தாண்ணா. பாவம், உள்ள இன்னா பண்றதுன்னு தெரியாம ஆடிட்டீங்க."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

மறுநாள் அந்தத் தென்காசிப் பெண் எல்லோர் எதிரிலும் கேட்டது. "அண்ணாச்சிக்கு அந்தத் தாத்தா கும்பிட்டுட்டு நின்னது தெரியாமலா இருக்கும்? எனக்குக் கடைசி வரிசையிலருந்தே தெரிஞ்சுதே."

"நீ உள்ள நின்னு பாத்தியா?" என்று இவர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "வலை நான் வெச்சது. அவரை எதுவும் சொல்லாத."

எனக்காக அவர் சண்டை போட்டார். நான் துணிக்கட்டின் மேல் எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே உடையைப் பிரித்துவிட்டார். கிழிக்கவில்லை. ஒவ்வொரு தையலாக வெட்டி, பன்னிரண்டு துண்டையும் அடுக்கி, வேலிக் குச்சிகளைக் கட்டி, கழிவு ஃபோம் கூண்டில் போட்டார். கொஞ்ச மாதத்தில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகிற அன்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்கு ரெண்டு கொடுத்தார்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே, ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் அவரைப் பார்த்தேன். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் பார்த்தேன். அதற்குள், "மண்ணூரண்ணா" என்று கூப்பிட்டுவிட்டார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கத்தரி கழுத்தில் இல்லை, பையில் இருந்திருக்கும்.

"மாமா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

"முட்டி சுத்தமாப் போயிடுச்சுண்ணா. வீல் சேர் தான். ஆனா ஒண்ணு, அடுத்த மாசம் எங்க படிப்பகத்துல ஆண்டு விழா. மறுபடி அதைச் செய்யப் போறேன். நம்ம தெருவுலயே நிக்கும். அவரைத் தள்ளிகினே ஒரு சுத்து சுத்திடலாம்."

"நல்லதும்மா."

"உங்களைப் பாத்தது நல்லதாப் போச்சு. அந்த வலை. எவ்ளோ எடம் விட்டா உள்ள இருக்கறவருக்கு நல்லாத் தெரியும்? நீங்கதான உள்ள நின்னீங்க."

"பெருசா விட்டா முகம் தெரியுமேம்மா" என்றேன்.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போட்டும்ண்ணா. முகம் வேணாம்னு நான் புடிவாதம் புடிச்சதுல தான அன்னைக்கு உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. உள்ள இருக்கறவருக்கு மாமா நிக்கறது தெரியணும். எனக்கு அது போதும்."

மேடத்திடம் விட்டுக்கொடுக்காததை, என் பொய்யை நம்பி விட்டுக்கொடுத்துவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அளவுக்காக.

"ரெண்டு விரல் அகலம் விட்டா போதும்" என்றேன்.

"ரெண்டு வெரல்" என்று போனில் குறித்துக்கொண்டார். பையிலிருந்து உங்கள் இதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "நீங்களும் எதுனா எழுதுங்கண்ணா. பேசத்தான் மாட்டீங்க, எழுதலாம் இல்ல?" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

விழாவுக்கு முன்னால் அடுத்த இதழ் வந்துவிடும் என்று போனில் கேட்டபோது சொன்னீர்கள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். நேரில் போய்ச் சொல்லலாம், பென்னலூர் தூரமில்லை. என்னால் முடியவில்லை. ஆகவே இந்த அளவை மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

ரெண்டு விரல் வேண்டாம்மா. முன்னே வைத்த அதே வலையை, அதே நெருக்கத்தில் வையுங்கள். அது சரியாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து மேடைப் படி தெரிந்தது. கழற்றிவிட்ட செருப்பு தெரிந்தது. கூப்பிய கையில் விரல் நடுங்கியதுகூடத் தெரிந்தது. எல்லாம் தெரிந்துதான் ஆடினேன்.

26-10-2025, ஞாயிறு
மண்ணூர்